நாங்க அதுக்கு வாயுன்னு பேர் வச்சிருந்தோம்

எங்கள் தெருவில் மன அழுத்தம் என்கிற சொல் கிடையாது. ஆனால் அது நுழையாத வீடும் கிடையாது. வாயு, பித்தம், சூடு, படபடப்பு, நெஞ்சடைப்பு, மண்டையிடி, கிறுகிறுப்பு, கைகால் ஓய்ச்சல், பயந்த கோளாறு, காத்துக் கருப்பு. இத்தனை பேர் அதுக்கு. யாராச்சும் "மனசு சரியில்லே"ன்னு சொன்னா, "சோத்துக்கு வழியப் பாரு, மனசாம் மனசு"ன்னு பெரியவங்க அதட்டுவாங்க. மனசு சரியில்லைன்னு சொல்லிப் படுத்துக் கிடக்க எங்களுக்கு என்றைக்கும் வசதி இருந்ததில்லை. வாயுன்னு சொன்னா ஒரு சோடா கிடைக்கும். மண்டையிடின்னு சொன்னா ஒரு மாத்திரை கிடைக்கும். அதனால எங்க மனசு உடம்பு வழியாத்தான் பேசிப் பழகியிருக்கு.

நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பேராவூரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்ததும் அந்தப் பக்கத்துச் சேரி ஒன்றில்தான். அப்பா தேங்காய் உரித்தார். அம்மா நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போவாள். அது இல்லாத நாளில் கீற்று முடைவாள். தடுப்பூசிப் பையையும் பிரஷர் பாக்குற மெஷினையும் தூக்கிக்கிட்டுக் குடியானத்தெருவுக்கும் போயிருக்கேன், சேரிக்கும் போயிருக்கேன். ரெண்டு தெருவிலயும் உடம்பைத் தொட்டுப் பார்த்தவ என்கிற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு மன அழுத்தத்தின் அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் சொல்லிக் கொடுப்பார்கள். தூக்கம் வராது. வந்தாலும் நடுராத்திரியில் விழிப்பு வரும். தலை வலிக்கும். கழுத்தும் தோளும் இறுகும். பசிக்காது. வயிறு எரியும். சின்ன விசயத்துக்கும் கோபம் வரும். மறதி வரும். நெஞ்சு படபடக்கும். இதெல்லாம் வழக்கத்துக்கு மாறாகத் தொடர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று முடிப்பார்கள். அந்த "வழக்கத்துக்கு மாறாக" என்ற இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் இடறும். வழக்கம்னா எது? யாரோட வழக்கம்? நல்லாத் தூங்கி எழுந்து பழகினவனுக்குத் தூக்கம் கெட்டா அது அறிகுறி. பிறந்ததிலிருந்து அரைத் தூக்கமே வழக்கமா இருக்கிறவளுக்கு எது அறிகுறி? எங்க தெருவில் அந்தப் பட்டியலைப் படிச்சுக் காட்டினா, "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதானே அக்கா, இதுல சீக்கு எங்கே இருக்கு?"ன்னு கேப்பாங்க. கேட்டும் இருக்காங்க.

மூச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிரஷர் பாக்க உக்கார வச்சுக் கையில பட்டையைச் சுத்தினதும் எங்க தெருப் பொம்பளைங்க மூச்சை அடக்கிக்குவாங்க. "ஏன் சின்னம்மா மூச்சை அடக்குற, விடு"ன்னா, "நான் எங்க அடக்குனேன்?"னு கேப்பாங்க. அடக்குறது அவங்களுக்கே தெரியாது. எங்க அம்மாவும் அப்படித்தான். அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியில் வந்ததில்லை. குடியானத்தெரு வழியா தலையில புல்லுக்கட்டோட போறப்ப வந்தது. எதிர்ல ஆள் வந்தா ஒதுங்கணும். செருப்புப் போட்டிருந்தா கழட்டிக் கையில எடுக்கணும். சத்தமா சிரிக்கக் கூடாது. அம்மா வயசுக் காலத்தில் அதுதான் நடைமுறை. தெருமுனை வந்ததும் அம்மாவோட ரெண்டு தோளும் தானா காதுகிட்ட ஏறும். தெருவைத் தாண்டி வாய்க்கால் கரை வந்தாத்தான் இறங்கும். நான் சின்னப் புள்ளையா அவ பின்னால போறப்ப அந்தத் தோளைத்தான் பார்த்துக்கிட்டே போவேன். அது இறங்கினா நாமளும் பேசலாம்னு அர்த்தம். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதும் அந்தத் தோள் முழுசா இறங்கவில்லை. தைலம் தேய்ச்சு விடுன்னு கேப்பா. தேய்ச்சா கல்லுல தேய்க்கிற மாதிரி இருக்கும்.

பயம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி அட்ரினலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தசை இறுகுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். புலி போனதும் மான் மறுபடி மேயப் போகிறதே, அதுபோல. 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் கடும் உழைப்பிலும் வைத்துப் பார்த்தார். துன்பம் எதுவாக இருந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. அந்தச் சுரப்பி பெருத்தது. இரைப்பையில் புண் கண்டது. ஆபத்து போகாமல் கூடவே இருந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதற்கு அது முதல் பாடம். 1992இல் ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நிறவெறிச் சமூகத்தில் வாழும் கறுப்பினப் பெண்களின் உடம்பு வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் மாதிரி வயசுக்கு முன்னாலேயே தேய்ந்து போகிறது என்று எழுதினார். அதைப் படிச்சுச் சொன்னபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரலை. அம்மாவோட தோள்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்குப் புலி காட்டில் இல்லை. அடுத்த தெருவில் இருந்தது. தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும், அதுகிட்டதான் கூலியும் வாங்கணும்.

தூக்கத்துக்கு வருகிறேன். என் அப்பாயி பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவள். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த தஞ்சாவூர் அது. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் வந்து செங்கொடி கட்டி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் அப்பாயிக்குத் தூக்கம் வந்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருப்பாள். வெளியே ஒரு நாய் குரைத்தால் "யாரு?" என்பாள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சனங்களில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதில் அதிகம். அந்தச் சேதி எங்கள் பக்கம் வந்த பிறகு அப்பாயி சாகுற வரைக்கும் கதவைத் தாழ் போட்டுப் படுத்ததில்லை. "தாழ் போட்டா எப்புடி ஓடுறது?"ன்னு கேப்பா. மார்கழிக் குளிரிலும் கதவு பாதி திறந்துதான் கிடக்கும். இன்று அதற்கு ஒரு நோயின் பெயரைச் சொல்லுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது கெழவியோட பிடிவாதம். வெண்மணிக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல எத்தனையோ ஊர் இருக்கு. ஆனா அந்தத் தீயோட சூடு அப்பாயி தூக்கத்துக்கு எட்டியிருக்கு.

அடுத்தது வயிறு. எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு வயிற்று எரிச்சல். காலையில் வெறும் டீத்தண்ணி. பெட்டிக்கடையில் வாங்கின வலிமாத்திரை ஒண்ணு. அதோட நடவுக்கு இறங்கினா மதியம்தான் சோறு. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் கிருமியும் இந்த மாதிரி வலிமாத்திரைகளும்தான் காரணம் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அழுத்தம் அந்த எரிச்சலைக் கூட்டும். வலிமாத்திரை ஏன் தினம் வேணும்னு யாராவது கேக்கணுமே. முதுகு வலிக்குதுன்னு ஒரு நாள் நின்னா அடுத்த நாள் கூப்பிட மாட்டாங்க. அந்தப் பயத்தைத்தான் அவ மாத்திரையா முழுங்கினா.

பிள்ளைகளின் உடம்பு இன்னும் நேராகப் பேசும். ஒரு பொண்ணு, ஒன்பது வயசிருக்கும். தினம் காலையில் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழும். பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு. மந்திரிச்சுத் தாயத்தும் கட்டியாச்சு. அவங்க அம்மாகிட்ட "சனி ஞாயிறு வலிக்குதா?"ன்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டு "இல்லியே"ன்னா. பொண்ணைத் தனியா உக்கார வச்சுப் பேசினப்பதான் வெளியே வந்தது. வகுப்பில் அத்தனை பேர் இருக்க, கக்கூஸ் கழுவ நம்ம தெருப் பிள்ளைங்க ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டிருக்காங்க. "நல்லாக் கழுவுறது நீங்கதானே"ன்னு பாராட்டு வேறயாம். தெருவில் நாலு பேர் திரண்டு போய்க் கேட்டாங்க. அதோட அது நின்னது. வயித்துவலியும் நின்னது. மருந்து கொடுத்து நின்ன வலி இல்லை அது.

ஆம்பளைங்க விசயத்தையும் சொல்லணும். மறைச்சா இது பாதிக் கதை. தோப்புல நாள் பூரா "டேய்"னு கூப்பிட்டவன் தன் மகன் வயசுக்காரன். அவன்கிட்டக் காட்ட முடியாத கோபம் சாயங்காலம் டாஸ்மாக் கடை வழியா வீட்டுக்கு வருது. கோபம் மேட்டுக்கு ஏறாது, பள்ளத்துக்குத்தான் பாயும். அவன் பொண்டாட்டியை அடிப்பான். அவ பிள்ளையை அடிப்பா. பிள்ளை நாய்க்குட்டி மேல கல்லெறியும். எரிச்சல் என்று பட்டியலில் ஒரே வார்த்தையில் எழுதியிருப்பது எங்கள் தெருவில் இப்படி நாலு உடம்பில் இறங்குகிறது. சாதியால் வந்த அழுத்தம்னு சொல்லி அடிக்கிற கையை நான் மன்னிக்கச் சொல்லலை. அடி வாங்கினவளோட முதுகுக்கு மருந்து போட்டவ நான். எங்கேயிருந்து கிளம்புதுன்னு தெரிஞ்சாத்தான் எங்கே நிறுத்தணும்னு தெரியும்.

படிச்சு வேலைக்கு வந்துட்டா இதெல்லாம் விட்டுடும்னு நாங்க நம்பினோம். அது ஆளுக்குத் தகுந்த மாதிரி வேற வேசம் போடுது. வேலைக்கு வந்த புதுசில் வாடகைக்கு வீடு தேடினேன். "நர்சம்மாவா, வாங்க வாங்க"ன்னு கூப்பிட்டு மோர் கொடுப்பாங்க. அப்புறம் "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?"ன்னு மெதுவா கேப்பாங்க. பதில் சொன்னதும் அவங்க மச்சினருக்கு அந்த வீடு திடீர்னு தேவைப்பட்டுடும். கடைசியில் தெருவைக் கேக்காத ஒருத்தர் வீட்டில் குடியேறினேன். கேக்காததனாலேயே பயம் அதிகமாச்சு. அம்பேத்கர் படத்தை மாட்டலை. கருவாடு வறுக்கணும்னா ஜன்னலைச் சாத்துவேன். அம்மா வந்தா வாசல்ல உக்காந்து சத்தமாப் பேசாதேம்பேன். ராத்திரியில் பல்லைக் கடிக்கிறேன்னு பக்கத்தில் படுத்த மகள் சொன்னா. பல் டாக்டர் பார்த்துட்டு, "இந்த வயசுக்குப் பல் இவ்வளவு தேய்ஞ்சிருக்கே, எதையாவது நினைச்சுக் கவலைப்படுறீங்களா?"ன்னார். ஒண்ணும் இல்லைன்னேன். நான் சொல்லாததைப் பல் சொல்லியிருக்கு.

இதை முன்னாலேயே அனுபவித்து எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். ஆளில்லாத மாடி. சரியான வெளிச்சமும் இல்லை. துணைக்குப் புத்தகம்தான். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்து நின்றார்கள். வேறு இடம் தேடியும் கிடைக்காமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்து கண்ணீர் விட்டதை "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்ற தன் நினைவுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1990இல்தான் அது தனி நூலாக வெளிவந்தது. அவரைச் சட்டப் புத்தகத்தோடு நிற்கிற சிலையாகவே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அந்த மாடியில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் காது கொடுத்துப் படுத்திருக்கும் இளைஞரைத் தெரியாது. அவர் அதை வெட்கமாக நினைத்து மறைக்கவில்லை. சாதி ஒரு உடம்புக்குள் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சியாக எழுதினார். எங்களுக்கு அது பெரிய தைரியம்.

இந்தக் காலத்திலும் உடம்பு புதுசு புதுசாகக் கற்றுக்கொள்கிறது. 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், வேங்கைவயலில் தலித் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் குடத்தில் தண்ணி பிடிச்சதும் மோந்து பார்க்கிற பழக்கம் வந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழாயடியில் ஒருத்தி குனிஞ்சா, அடுத்தவளும் குனிஞ்சு மோந்தா.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் பகுதி. தண்ணீர் கடைசியாக வரும், சில வருசம் வராமலே போகும். அதனால் தென்னையை நம்பின ஊர்கள். விழுந்த மரத்துக்கு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு கணக்குப் போட்டது. மரம் வைத்திருந்தவர்களுக்கே அது போதவில்லை, அது உண்மை. ஆனால் அந்த மரத்தில் ஏறினவன், காயை உரித்தவன், கீற்று முடைந்தவள் இவர்களின் கூலி அந்த 1,100 ரூபாய்க் கணக்கில் எங்கே? தென்னை விவசாயிகளின் மன உளைச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. மரமே சொந்தமில்லாதவனின் உளைச்சலுக்குத் தலைப்பு வரவில்லை. புயலுக்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் பிள்ளைகள் காத்து வீசினாலே எழுந்து உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் பேசுவதைக் குறைத்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில். அதுவும் ஒரு அறிகுறி. அழுகிறவளைவிடப் பேச்சை நிறுத்தினவளைத்தான் நான் பயந்து பயந்து போய்ப் பார்ப்பேன்.

வேலை போன இடத்தில் வாரக் கடன் வந்து உட்கார்ந்தது. பத்துப் பேர் குழு. ஒருத்தி கட்டலேன்னா மத்தவங்க அவ வாசலில் உக்காரணும். தவணை நாளுக்கு முந்தின ராத்திரி தெருவில் பாதி வீட்டில் விளக்கு எரியும். போன் அடிச்சா கை நடுங்கும். பிள்ளையை விட்டு "அம்மா இல்லே"ன்னு சொல்லச் சொல்லிட்டுத் தோப்புக்குள் போய் உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு தவணை கட்டுகிறவளுக்குத் தெரியணும். தெரிஞ்சாலே பாதி நடுக்கம் குறையும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். எங்கள் உடம்பில் இருப்பது எங்கள் பலவீனம் இல்லை. எங்களுக்கு நடந்ததை உடம்பு எழுதி வைத்த கணக்கு. அந்தக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுக்குப் புத்தகத்துப் பட்டியல் மட்டும் போதாது, எங்க தெருவுக்குன்னு ஒரு பட்டியல் வேணும். மூச்சை அடக்குற. தோள் ஏறியிருக்கு. தாழ் போட மாட்டேங்குற. புள்ளைக்குப் பள்ளிக்கூட நாளில் மட்டும் வயிறு வலிக்குது. வெறும் வயித்துல வலிமாத்திரை முழுங்குற. தண்ணியை மோந்து பாக்குற. பேச்சைக் குறைச்சுட்ட. நடவுல முன்னெல்லாம் பாட்டெடுக்கிறவ நீ, இப்ப வாயே திறக்குறதில்லை. இவை வழக்கமில்லை. வழக்கமாக்கப்பட்டவை.

மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்று மட்டும் சொல்லி முடிக்கிற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெருவைத் தாண்டுற பயம் இருக்கிற வரைக்கும் விட்ட மூச்சு மறுபடி அடங்கும். அதற்கு நாலு பேர் திரண்டு போய்க் கேட்கிற வைத்தியமும் வேணும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வேணும். அதுக்காக டாக்டரே வேண்டாம்னு சொல்றவ நானில்லை. தூக்கமே இல்லாம, சாப்பாடு இறங்காம, செத்துப் போயிடலாமான்னு ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிட்டா, அது வாயுவும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. கோடாங்கியைக் கூப்பிடாம அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு. ராத்திரியிலும் எடுப்பாங்க, காசு கிடையாது. அதைச் சுவத்துல கரியால எழுதி வைங்க. அதுவரைக்கும் அவளைத் தனியா விடாதீங்க.

இதைப் படிக்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்க அம்மா, உங்க அப்பாயி, உங்க பெரியம்மா எல்லாம் இதுக்கு என்ன பேர் வச்சிருந்தாங்க? எந்த இடத்துல வலிக்குதுன்னு சொன்னாங்க? எந்தத் தெருவைத் தாண்டினதும் அது குறைஞ்சது? உயிரோட இருந்தா இன்னைக்கே போய்க் கேளுங்க. கேட்டு எழுதுங்க. டாக்டர்களும் படிக்கட்டும்.